பன்னிரண்டு மில்லிமீட்டர்

பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்கள் தப்பு செய்ய மாட்டார்கள் என்பது பட்டியல் போடாதவர்கள் கிளப்பிய வதந்தி. நான் இருபத்து மூன்று வரிப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்த பிறகுதான் அவமானப்பட்டேன்.

தரமணியில் எனக்கு முதல் வேலை. வயிற்றில் சிறு துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்யும் அறுவை சிகிச்சையில், திரையில் தெரிவதைக் கணினியே அளந்து சொல்லும் மென்பொருள் எழுதினோம். குடலிறக்கத்தில் ஓட்டை எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்தால்தான் அதை மூடும் வலையைச் சரியாக வெட்ட முடியும். அடையாறு மருத்துவமனை ஒன்றின் பயிற்சி அறையில் இதைச் செய்து காட்ட வேண்டும். அங்கே அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா தலையசைத்தால் என் வேலை நிரந்தரம்.

கேமராவுக்கு முதலில் அளவு கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட தாள். ஒரு கட்டம் பத்து மில்லிமீட்டர். அலுவலகப் பிரிண்டர் அன்றைக்கென்று படுத்துவிட்டது. மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு, லேமினேஷனும் போட்டுக்கொண்டேன். (டிக்.)

பயிற்சிப் பெட்டிக்குள் ரப்பர் விரிப்பு, நடுவில் ஓட்டை. என் மென்பொருள் தயங்காமல் சொன்னது: ஐந்து சென்டிமீட்டர். புள்ளிக்குப் பின் இரண்டு பூஜ்யம் வேறு. துல்லியம் பற்றி நான் ஒரு சிற்றுரை ஆற்றினேன் (இப்போதும் காது சுடுகிறது). டாக்டரம்மாவுடன் வந்திருந்த நர்ஸ் பாக்கெட்டிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து ஓட்டைமேல் வைத்தார்.

"ஆறு இருக்கு மேடம்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "வலை சின்னதா போயிடும்மா. பேஷன்ட் திரும்ப எங்கிட்டதான் வருவார், உன் கம்ப்யூட்டர்கிட்ட இல்ல."

நர்ஸ், யாரும் கேட்காமலே, என் தாளையும் அளந்தார். கட்டம் ஒன்று பன்னிரண்டு மில்லிமீட்டர்.

நியாயம் கேட்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அசரவில்லை. "இன்னா மேடம், பேப்பர் சுத்தி காலியா கீது, பாக்க நல்லாவா கீது? உங்களுக்கோசரம்தான் ஃபுல்லா வர்ற மாதிரி பெருசு பண்ணேன்."

இருபத்து மூன்று வரிகளில் 'தாளை அளந்து பார்' என்ற வரி இல்லை. அளவு மென்பொருள் எழுதுகிறவள் ஒரு ஸ்கேல்கூட வைத்திருக்கவில்லை. என் தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீண்டது. (ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒரு நாள்கூட நீளவில்லை.)

போன மாதம் அம்மா ஒரு வரனின் விவரம் வாசித்தாள்: உயரம் ஐந்தடி பத்து. அப்பா செய்தித்தாளிலிருந்து தலை நிமிரவில்லை. "ஃபோட்டோவ எந்தக் கடையில பிரிண்ட் போட்டான்னு கேட்டுக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பையன் வந்தபோது வாசற்படியில் அவர் தலை கதவு நிலையில் எங்கே வந்தது என்று பார்த்து வைத்தேன். அவர் போனதும் டேப் பிடித்தேன்.

ஐந்தடி எட்டு.