செம்பட்டியில் என் சாயம் வெளுத்த கதை

நுகர்வோர் பத்திரிகை நடத்துகிறவள் என்றதும், நான் கத்தரிக்காயைக்கூட உருட்டி, முகர்ந்து, பில் கேட்டுத்தான் வாங்குவேன் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. மறுத்தால் செம்பட்டியில் நடந்ததைச் சொல்ல வேண்டி வரும்.

திண்டுக்கல்லில் 'கேட்டு வாங்கு' என்ற மாத இதழைத் தொடங்கிய புதிது. ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர், தபால்தலை ஒட்டுபவர் எல்லாமே நான்தான். (விளம்பரம் வாங்கக் கூடாது என்பது கொள்கை. யாரும் தர வரவில்லை என்பது வேறு விஷயம்.) பகலில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துவேன். சாயங்காலம் உலகத்தைத் திருத்துவேன்.

அப்போதுதான் செம்பட்டியில் பூ விற்கும் புஷ்பம் அக்கா என்னைத் தேடி வந்தார். மகளின் வளைகாப்புக்கு வாங்கிய சேலை முதல் அலசலிலேயே சாயம் விட்டு, கூடவே நனைத்த மருமகனின் வெள்ளை வேட்டியை ரோஸ் வேட்டியாக்கிவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார்.

"மருமகனுக்கு ஒரே கோவம் டீச்சர். மக இன்னும் எங்கிட்ட மொகங்குடுத்துப் பேச மாட்டேங்குறா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. வழக்குப் போடுவதற்கு முன்னால் ஊர் முன்னிலையில் நிரூபித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை செம்பட்டியில் ஒரு சின்ன மண்டபம் பிடித்தேன். 'வந்து பதில் சொல்லுங்கள்' என்று கடைக்காரரையும் நானே அழைத்தேன். மனிதர் மனைவியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடைக்கு ஒரு கம்பீரம் வேண்டுமே என்று புத்தம் புது அரக்குச் சிவப்புச் சுங்குடிச் சேலை கட்டியிருந்தேன்.

மேசையில் வெள்ளை பேசின் நிறையத் தண்ணீர். "இப்போது பாருங்கள்!" என்று புஷ்பம் அக்காவின் சேலையை முக்கினேன்.

ஒன்றும் ஆகவில்லை. அலசினேன். பிழிந்தேன். தண்ணீர் அப்போதுதான் குழாயில் பிடித்தது போலத் தெளிவாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

"நாலஞ்சு தடவ அலசிட்டேன் டீச்சர்" என்று கிசுகிசுத்தார் புஷ்பம் அக்கா. "மேடைக்கு அழுக்குச் சேலையக் குடுக்கக் கூடாதுல்ல?"

போக வேண்டிய சாயமெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. (வேதியியல் ஆசிரியைக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.) கடைக்காரர் மெல்லச் சிரித்தார். எனக்கு வெறி வந்துவிட்டது. குனிந்து, மேசையே ஆடும்படி கசக்கினேன். தண்ணீர் லேசாகச் சிவந்தது. பிறகு நன்றாகவே சிவந்தது. கூட்டம் கைதட்டியது.

"இதோ சாட்சி!" என்று முழங்கை வரை சிவந்த இரண்டு கைகளையும் தூக்கினேன்.

முன்வரிசையின் மறுகோடியில் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், அது ஒங்க முந்தானைலருந்து வருது."

பார்த்தேன். என் முந்தானை பாதிக்கு மேல் பேசினுக்குள் கிடந்தது.

மண்டபமே அதிர்ந்தது. கடைசி வரிசையில் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த என் கணவர் அருள்ராஜின் தோள்கள் குலுங்கின. கடைக்காரர் மேடையேறி மைக்கை வாங்கினார்.

"டீச்சரம்மா, இந்தச் சேலைய எங்க வாங்குனீக? பில்லு இருக்கா?"

பொருட்காட்சியில் வாங்கியது. 'பில் வேணாம்னா கொறச்சுத் தாரேன்' என்றான் அங்கே விற்ற பையன். நானும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கி வந்திருந்தேன். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். புஷ்பம் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன், மைக்கிலேயே.

சிரிப்பு அடங்கவே இல்லை. அந்த உற்சாகத்தில் கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கடைச் சேலை தங்கம்! ஒரு சொட்டுச் சாயம் போனாலும் சரி, பில்லு இருந்தாலும் இல்லாட்டியும் புதுச்சேலை தாரேன்! இது சத்தியம்!"

அந்த முன்வரிசைப் பெண் இன்னும் உட்காரவில்லை. "அப்ப இதப் பாருங்கண்ணே. நான் கட்டியிருக்கது ஒங்க கடைச் சேலதான்" என்று மேடையேறினாள். நான் ஓடிப்போய்த் தண்ணீரை மாற்றினேன். அவள் முந்தானையை முக்கினாள். தண்ணீர் கிளிப்பச்சை. அடுத்தவள் வந்தாள், ஊதா. அதற்குள் பேசினைச் சுற்றி வரிசையே நின்றுவிட்டது.

கடைக்காரர் மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கப் பார்த்தார். அவர் மனைவிதான் எழுந்து பேசினார். "சத்தியம் பண்ணீட்டீகள்ல? மாத்திக் குடுங்க. பெறகு நான் தெருவுல நடக்கணும்."

மறுநாளே புஷ்பம் அக்காவுக்குப் புதுச்சேலையும் மருமகனுக்கு வேட்டியும் கிடைத்தன. மகளும் பேசிவிட்டாள். ஒரு வாரம் கழித்துக் கடைக்காரர் என் வீட்டு வாசலில் நின்றார்.

"மொத்த யாவாரி என்னையும் இப்பிடித்தான் ஏமாத்திட்டான்மா. நான் எங்க போயிக் கேக்க?"

உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, அந்த மொத்த வியாபாரி மேல் அவருக்காகவும் ஒரு புகார் எழுதினேன். அடுத்த இதழின் முகப்பில் என் சிவந்த கைகளின் படத்தைப் போட்டேன். பிரதிகள் தீர்ந்து, மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று.

போன மாதம் பேரனுக்கு ஞானஸ்நானம். சாமியார் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றப் போகிறார், கோயிலே அமைதியாக இருக்கிறது. நான் ஆசையாக எட்டிப் பார்த்தேன். பின்னாலிருந்து அருள்ராஜின் குரல் எல்லாருக்கும் கேட்டது:

"ஏய், முந்தானையத் தூக்கிப் புடி. பிள்ள செவப்பாயிரப் போறான்!"