ஜட்ஜம்மாவின் இருமல்

"வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறீங்களா?"

பூனை டாக்டர் கேட்டது சாதாரணக் கேள்வி. ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றிக்கொண்டே, நகம் வெட்டியாச்சா என்று விசாரிக்கிற குரலில்தான் கேட்டார். ஆனால் பூனையைக் கொண்டுவந்திருந்த அலாரக்காரர் ஒரு அடி பின்வாங்கினார்.

"சேச்சே" என்றார்.

பக்கத்தில் நின்ற மனைவி ஒரு படி மேலே போனாள். "இவர் அதை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டர். எங்க அக்கா அவ வீட்டுக்காரர்கிட்ட இவரைத்தான் உதாரணம் காட்டுவா."

உதாரணம் தலையைக் குனிந்துகொண்டது. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்ட டாக்டர் பாராட்டும் விதமாகப் புன்னகைத்தார். மேசைமேல் உட்கார்ந்திருந்த பூனை மட்டும் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தது.

சாம்பல் நிறப் பூனை. ஒரு காது பாதிதான் இருந்தது. தெருவில் அடிபட்டுக் கிடந்ததைக் காப்பகத்தார் எடுத்து வந்து பிழைக்க வைத்திருந்தார்கள். அதற்கு ஆஸ்துமா. தீராது, ஆனால் காலையும் மாலையும் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அலாரக்காரர் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், மனைவியும் மாமனாரும் போய்க் கூடையில் வைத்து அழைத்து வந்தார்கள். வந்த அன்றே சோபாவின் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் விசாரணை செய்கிற பார்வை பார்த்ததால், மாமனார் அதற்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தார்.

அலாரக்காரர் என்பது குடியிருப்பில் இவருக்கு வழங்கிய பெயர். கட்டடங்களில் புகை அலாரம் மாட்டுவது தொழில். கூரையில் எந்த இடத்துக்குப் புகை முதலில் வந்து சேரும் என்று இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவர், தினமும் மூன்று வேளை தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் நின்று புகை விட்டுக்கொண்டிருந்தார். காலையில் கிளம்பும்முன் ஒன்று, வேலை முடிந்து வந்ததும் ஒன்று, சாப்பிட்ட பிறகு 'குப்பை கொட்டிட்டு வரேன்' என்று ஒன்று. அந்தக் குடியிருப்பிலேயே எப்போதும் காலியாக இருந்த குப்பைக்கூடை அவர் வீட்டுடையதுதான்.

"அப்ப வேற என்னமோதான் இதுக்கு ஒத்துக்கல" என்றார் டாக்டர். "பவுடர், சென்ட், தைலம், துணி சோபா, எதுவா வேணா இருக்கலாம். ஒன்னொன்னா நிறுத்திப் பாருங்க. சிகரெட்டா இருந்திருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் புதினா மிட்டாயோடு சேர்த்து மென்றுகொண்டே அலாரக்காரர் வீடு வந்து சேர்ந்தார்.

முதலில் போனது மனைவியின் பவுடர். கல்லூரி நாளிலிருந்து அவள் போட்டு வந்த ஒரே பவுடர். டப்பாவைக் கடைசியாக ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"என் மூஞ்சியா பெருசு? அதோட மூச்சுதான் பெருசு" என்றாள். "குப்பை கொட்டத்தானே போறீங்க, இதையும் சேத்துக் கொட்டிடுங்க."

அவர் கொட்டப் போனார். போன இடத்தில் ஒன்று பிடித்தார். பவுடர் டப்பா கூடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்ததால் அன்றைக்குப் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

அடுத்தது சோபா. ஆறு கடை ஏறி இறங்கி அவளே பார்த்துப் பார்த்து வாங்கியது. யாரோ வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். குடும்பம் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறியது. அதற்கடுத்தது மாமனாரின் தைலம். முப்பது வருஷமாக முழங்காலில் தைலம் தேய்க்காமல் அவர் படுத்ததில்லை.

"அந்த வாயில்லா ஜீவனுக்காக விட்டுடறேன்மா" என்றார் மாமனார். "காலு என்ன, தேச்சாலும் வலிக்கும், தேய்க்காட்டியும் வலிக்கும்."

சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போனார். மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் அந்த நொண்டல் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. மாப்பிள்ளைக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

ஆனால் இருமல் நிற்கவில்லை. கழுத்தை நீட்டித் தரையோடு தரையாகப் பதுங்கி ஜட்ஜம்மா இருமுகிறபோது, பார்க்கிறவர்களுக்கே மூச்சு முட்டும். மனைவி ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி நேரம் குறிக்க ஆரம்பித்தாள். 'காலை 7.20, இருமல், இவர் வெளியே போய் வந்ததும். மாலை 6.40, இருமல், இவர் வந்ததும். இரவு 8.50, இருமல், இவர் குப்பை கொட்டிவிட்டு வந்ததும்.'

தாளைப் படித்த அலாரக்காரருக்கு வியர்த்துவிட்டது. "என்ன இது, எல்லாத்துலயும் நான் வரேன்?"

"பாசம்ங்க" என்றாள் மனைவி. "உங்களைப் பாத்தா அதுக்குச் சந்தோஷம் தாங்கல. தலைதெறிக்க ஓடி வருதா, மூச்சு வாங்கிடுது."

பாசம் என்னவோ உண்மைதான். அதுதான் அவரை அதிகம் வதைத்தது. மருந்து கொடுப்பதும் அவர்தான். குழாயின் ஒரு முனையில் குட்டி முகமூடி, மறுமுனையில் இன்ஹேலர். முகமூடியை மூக்கில் வைத்து ஒருமுறை அமுக்கிவிட்டுப் பத்து மூச்சு எண்ண வேண்டும். வேறு யார் குழாயை எடுத்தாலும் கட்டிலுக்கடியில் ஓடுகிற பூனை, அவர் மடியில் மட்டும் தானாக ஏறி மூக்கை நீட்டும். மூன்று முறை சோப்புப் போட்ட விரல்களால் அவர் முகமூடியைப் பிடிப்பார். "ஒன்னு, ரெண்டு" என்று எண்ணும்போது அது அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். ஏழு எட்டு வருவதற்குள் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். தன்னைப்போல ஒரு கேடுகெட்ட மனுஷன் அந்தத் தெருவிலேயே கிடையாது என்று தோன்றும்.

விட்டுவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. ஆனால் திடீரென்று விட்டால் இருமல் திடீரென்று நிற்கும். நின்றால் ஏன் நின்றது என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் பவுடர், சோபா, தைலம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே, விடாமல் இருப்பதுதான் இப்போதைக்குப் பாதுகாப்பு என்று முடிவு செய்தார். புகை உடம்பில் ஒட்டாமல் பிடித்தால் போதும் அல்லவா.

மறுநாள் மோட்டார் அறைக்குப் பின்னால் மழைக்கோட்டு, வேலைக்குப் போடும் கையுறை, தலையில் மனைவியின் குளியல் தொப்பி சகிதமாக நின்றார். வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. அந்தப் பக்கமாக வந்த வாட்ச்மேன் அப்படியே நின்றுவிட்டார்.

"மழை வருமா சார்?"

"வரலாம்" என்றார் அலாரக்காரர், கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

சாயங்காலம் மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். "வெயில்ல மழைக்கோட்டு போட்டுக்கிட்டு மோட்டார் ரூம் பின்னாடி நின்னீங்களாமே. வாட்ச்மேன் பயந்துட்டார்."

"தண்ணி ஒழுகுதான்னு பாத்தேன்."

"என் குளியல் தொப்பியோடயா?"

"மேலேருந்து ஒழுகுதான்னு பாத்தேன்."

அவள் தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் மழைக்கோட்டைச் சுருட்டிக் கருவிப்பையின் அடியில் ஒளித்து வைத்தார். அடுத்த நாள் பார்த்தால் ஜட்ஜம்மா அந்தப் பைக்குள் புகுந்து, அவர் வாசனை அடிக்கிற கோட்டின்மேல் சுருண்டு படுத்திருந்தது. எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ. வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. நாக்கு நீலம் பாரித்திருந்தது.

டாக்டர் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பிராணவாயு கொடுத்தார். "இந்தத் தடவை பிழைச்சுது" என்றார். "இன்னொரு தடவை இப்படி வந்தா நான் பொறுப்பில்ல." மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அலாரக்காரர் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது, தன் கன்னத்தில் தானே ஒரு அறை விட்டுக்கொண்டார்.

நான்கு நாள் தொடவில்லை. எரிச்சல் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். நான்கு நாளும் ஃப்ரிட்ஜ் தாள் வெற்றாக இருந்தது.

"இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் மனைவி. "எல்லாம் அப்பாவோட தைலம்தான். அந்த வாசனை இப்பத்தான் வீட்டை விட்டே போயிருக்கு."

மாமனார் குற்றவாளியாகத் தலையை ஆட்டினார்.

"எதுக்கும் நீங்க ஒரு அலாரம் கொண்டாந்து மாட்டுங்க" என்றாள். "பக்கத்து வீட்டுப் புகை வந்தாக்கூடத் தெரியும்ல."

பேட்டரி இல்லாமல் மாட்டியிருக்கலாம். மூலையில் மாட்டியிருக்கலாம். ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் அவருக்குப் பொய் சொல்ல வராது. குளியலறைக்கு வெளியே நடைவழியில், புகை முதலில் வந்து சேர்கிற சரியான இடத்தில், புது பேட்டரியோடு மாட்டினார். பொத்தானை அழுத்திச் சோதித்தும் காட்டினார்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கொட்டுகிற மழை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். மோட்டார் அறைப் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். ஒன்றே ஒன்று, பாதி மட்டும், குளியலறையில், காற்றாடியைப் போட்டுவிட்டு, என்று அவர் தன்னோடு பேரம் பேசினார். அவரே ஜெயித்தார்.

மூன்றாவது இழுப்பில் அலாரம் அலறியது.

சிகரெட்டைத் தண்ணீர் ஊற்றி ஒழித்து, பிரஷ்ஷில் பற்பசையைப் பிதுக்கி வாயில் திணித்துக்கொண்டு கதவைத் திறந்தார். அலாரத்துக்கு நேர் கீழே மாமனார் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் மனைவி, நனைந்த குடையோடு. கட்டிலுக்கடியில் ஜட்ஜம்மா இருமிக்கொண்டிருந்தது.

"யாரு?" என்றாள் மனைவி.

அலாரக்காரர் வாயைத் திறந்தார். நுரை வந்தது.

"நான்தாம்மா" என்றார் மாமனார். "ஒன்னே ஒன்னு."

"இந்த வயசுலயாப்பா?"

"தைலத்தை விட்டதுலேருந்து கை எதையோ தேடிக்கிட்டே இருந்துச்சு."

அன்று மனைவி தகப்பனைக் கேட்ட கேள்விகளை அலாரக்காரர் பிரஷ்ஷும் கையுமாக நின்று கேட்டார். ஒவ்வொரு கேள்வியும் தனக்கு வரவேண்டியது என்று அவருக்குத் தெரியும். பிறகு கிழவர் தனியாக இருக்கும்போது பக்கத்தில் போய் நின்றார்.

"மாமா, நீங்க எதுக்கு..."

"விடுங்க மாப்ளே" என்று மாமனார் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "எனக்கு வயசாச்சு, கெட்ட பேரு வந்தா என்ன. நீங்க குடும்பத்துக்கே உதாரணம்."

இதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் காலை மனைவி முடிவைச் சொன்னாள். "அப்பா அக்கா வீட்டுக்குப் போயிடட்டும். பூனையைக் காப்பகத்துலயே விட்டுடலாம். நம்ம வீட்டுக் காத்து அதுக்கு ஆகல. சாகவா விட முடியும்?"

கூடையை அலாரக்காரர்தான் தூக்கிக்கொண்டு போனார். உள்ளே ஜட்ஜம்மா அவர் விரலை நக்கிக்கொண்டே வந்தது. மாமனார் துணிப்பையோடு பின்னால் வந்தார். அங்கிருந்து நேரே பெரிய மகள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

காப்பகத்தின் முன்னறையில் ஒரு மேசை, அலமாரி நிறையக் கோப்புகள், உள்ளேயிருந்து வருகிற பல பூனைகளின் சத்தம். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட எழுத்தரம்மா.

"திருப்பிக் குடுக்கவா?" என்றார் அவர். "என்ன காரணம்னு போட்டுக்கலாம்?"

"வீட்டுக் காத்து ஒத்துக்கலைன்னு போட்டுக்குங்க" என்றாள் மனைவி.

எழுத்தரம்மா பேனாவைத் திறந்தார். அவ்வளவுதான், அலாரக்காரருக்குள் இருந்தது உடைந்துவிட்டது.

"எழுதாதீங்க மேடம்" என்றார். "காத்துல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு நான்தான். ரெண்டு வருஷமா நான் விடவே இல்ல. மோட்டார் ரூம் பின்னாடி, தினம் மூணு. நேத்து குளியலறைல பிடிச்சதும் நான்தான். இந்த மனுஷன் அந்தப் பழியைத் தான் தூக்கிக்கிட்டார்." மனைவி பக்கம் திரும்பினார், முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அவள் செருப்பைப் பார்த்துப் பேசினார். "உன் பவுடரு, உன் சோபா, எல்லாம் என்னாலதான் போச்சு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். வெக்கமா இருக்கு. இது என்னை நம்பி மூக்கை நீட்டுறப்பல்லாம் செத்துடலாம்போல இருந்துச்சு. இனிமே தொட்டா என்னை என்னன்னு கேளு. இதை மட்டும் விட்டுட்டுப் போக வேண்டாம்."

சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. அதைத் துடைக்கவும் அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மனைவி கூடையின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மாமனார் கூரையில் சுற்றிய மின்விசிறியை வெகு கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

எழுத்தரம்மா பேனாவை மூடினார். அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, விரலை எச்சில் தொட்டுத் தாள்களைப் புரட்டி, ஓரிடத்தில் நிறுத்திக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இதுல புதுசா என்ன சார் இருக்கு?" என்றார். "'வீட்டில் புகைபிடிப்பவர்: கணவர், ஒளிந்து பிடிக்கிறார், இந்தப் பூனையைக் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் தானாகவே ஒப்புக்கொள்வார்'னு இந்த அம்மா பூனையை வாங்கிட்டுப் போன அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டாங்க, கீழ சாட்சிக் கையெழுத்து இந்த ஐயாவோடது, கெடு முடிய இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்கு."