ஆளுக்கு ஐந்திலொரு பங்கு இரகசியம்

மல்வேர்ன் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் பாவம் செய்ய எந்த மொழியும் தேவையில்லை. அதைச் சொல்வதற்குத்தான் தமிழ் வேண்டும். புதுப் பங்குக்குரு பாதர் எதுவார்தோவோ பிரேசில்காரர்.

அவர் மேலிடத்துக்கு எழுதினார்: "நானூறு ஐந்நூறு வருசத்துக்கு முன், எங்கள் நாட்டுப் பழங்குடித் துப்பி மக்கள் துபாசி வைத்து, அவர் மொழிபெயர்க்கத்தான் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். அவர்களை வேதத்துக்குத் திருப்பப்போன குருமார், கடைசியில் அவர்கள் வழிக்குத் திரும்பினார்கள். இந்த மக்களுக்கும் அவ்வாறே அருள்க."

மேலிடம் அருளியது. துபாசியாகக் கிளடிஸ் அன்ரி. அன்ரி சரியாகச் சொல்கிறாவா என்று பார்க்கப் பரிசோதகர் சீமோன் அண்ணை. அவருக்குச் சாட்சி அவருடைய மனுசி. பாதரையும் பாவியையும் சேர்த்து ஐந்து பேர். ஆகவே ஆளுக்கு ஐந்திலொரு பங்கு இரகசியம் காக்க வேண்டுமென்று சுற்றறிக்கை.

வியாழக்கிழமை டெனிஸ்டன் போய் முழந்தாளிட்டான். ஞாயிறு தங்கச்சியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம்; அவன்தான் ஞானத்தகப்பன். அவனுடைய பங்கு அட்டையில் பாவசங்கீர்த்தன முத்திரை இல்லாவிட்டால், அந்தப் பதவி மச்சானின் தமையன் அன்புராசாவுக்குப் போய்விடும். அதைவிட டெனிஸ்டன் நரகத்துக்கே போவான்.

"வெக்கப்படாமல் சொல்லும் தம்பி," என்றா அன்ரி.

"அன்ரி... நீங்கள் வீட்டில சுட்டதெண்டு குடுக்கிற பற்றிஸ் கடையில வாங்கிறதெண்டு பங்கு முழுக்கச் சொல்லிப்போட்டன்."

அன்ரியின் முகம் கறுத்தது. "அது உண்மைதானே. உண்மை எப்பிடிப் பாவமாகும்? நான் மொழிபெயர்க்கமாட்டன்."

சீமோன் அண்ணை விதிகளைப் புரட்டினார். "குறைஞ்சது ஒரு பாவமாவது வேணும். இல்லாட்டி முத்திரை இல்லை."

"என்னட்டை வேற பாவமே இல்லை, அண்ணை!"

"இது பொய். இதை எழுதுங்கோவன்," என்றா மனுசி.

"அது உள்ளுக்கை வந்து செய்த பாவம். வெளியில செய்ததுதான் செல்லும்," என்றார் அண்ணை.

பாதர் என்ன சங்கதி என்று கேட்டார்.

"இவர் உண்மை சொல்லிப்போட்டார், பாதர்," என்றா அன்ரி.

"பிறரைப் பற்றியோ?"

"ஓம்."

"ஒருவரும் கேட்காமலோ?"

"ஓம்."

"அப்படியானால் பாவந்தான்!"

அட்டையில் ஏறியது: 'பிறரைப் பற்றி உண்மை சொன்னது.' முத்திரை விழுந்தது. டெனிஸ்டன் துள்ளிக்கொண்டு போனான்.

ஐந்து பங்கு இரகசியமும் ஐந்து பக்கத்தால் வெளியே வந்தது. சனிக்கிழமை வரிசை பஸ் தரிப்பைத் தாண்டியது. அந்தப் பாவத்தைச் செய்யாதவர் ஊரில் இல்லை. சைவக்காரரும் நின்றார்கள். புதினம் பார்க்க வந்த டெனிஸ்டனுக்கு நிற்க இடமில்லை.

பாதர் கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டு, அன்ரி மூலம் முதல் ஆளைக் கேட்டார்: "உம்முடைய பாவம் இருக்கட்டும். ஆரைப் பற்றி?"

முதல் ஆள் அன்புராசா. அவன் திரும்பி டெனிஸ்டனைப் பார்த்துச் சிரித்தான்.

அதுவரை செபமாலை சொல்லிக்கொண்டிருந்த வரிசை முழுவதும் செபத்தை நிறுத்திக் காதைக் கொடுத்தது.