டோலிக்கு முன்னால் ஒரு பிரசங்கம்

செத்துப்போன தலைவரை மலைப்பாதையில் நடக்கவைத்த மனிதர் இந்த ராஜ்யத்தில் ஒருவர்தான் இருந்தார். கோடைக்கானல் மலைப்பக்கம் போளூரில் பூண்டு மூட்டை ஏற்றும் குதிரைக்காரர் அவர். பெயர் என்னவோ இருந்தது. எல்லோருக்கும் அவர் மந்திரி.

வத்தலக்குண்டில் லாரி வேலை போன பிறகு நான் மேலே ஏறினேன். போளூரில் சோறு போட்டார்கள், பதிலுக்குத் தூக்கச் சொன்னார்கள். விளைச்சல் காலத்தில் உருளைக்கிழங்கு, மற்ற நாளில் டோலி. மூங்கிலில் கம்பளியைக் கட்டி, சீக்காளியை அதில் கிடத்தி, மோட்டார் ரோடு வரை கொண்டுபோக வேண்டும். சிலர் வழியிலேயே போய்விடுவார்கள். அப்போது பாரம் கூடுகிறதா குறைகிறதா என்று எங்களுக்குள் தீராத வாதம் உண்டு.

மூடுபனியில் டோலி தூக்குகிறவனுக்குத் தன் காலே தெரியாது. அதனால் ஒருவர் முன்னால் நடந்து கல்லு, பள்ளம், வளைவு என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார். குரல் நின்றால் டோலியும் நிற்க வேண்டும். அதுதான் வழக்கம். அந்தக் குரல் மந்திரியுடையது.

தேர்தல் சமயத்தில் தலைவர் கோடைக்கானல் சந்தை மைதானத்தில் பேசினார். மந்திரி குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். அவர் பெண்சாதி அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் டோலியிலேயே கண்ணை மூடியிருந்தாள். கேட்டதெல்லாம் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. ஊர் திரும்பியவர் வாயிலிருந்து வந்தது தலைவரின் குரல். தலைவரின் இருமல், மைக்கின் கூவல் எதுவும் பாக்கியில்லை. அதன் பிறகு டோலிக்கு முன்னால் இப்படித்தான் போவார்:

"பெரியோர்களே, கல்லு, தாய்மார்களே, பள்ளம், இந்த மலையில் இனி டோலி இருக்காது, வளைவு, வைத்தியர் உங்கள் வாசலுக்கே வருவார்."

மைதானத்தில் கைதட்டல் எழுந்த இடம் வந்தால் நின்றுவிடுவார். யாராவது தட்டினால்தான் நகர்வார். சீக்காளியே கம்பளிக்குள்ளிருந்து கை நீட்டித் தட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

தலைவர் ஜெயித்தார். வைத்தியத்துக்குச் சட்டம் வரும் என்றார். பிறகு இறந்துபோனார். சேதி வந்த அன்று ஊரே வாயடைத்துக் கிடந்தபோது, பனிக்குள்ளிருந்து "பெரியோர்களே" என்று கேட்டது. டீக்கடைக்காரர் அடுப்பில் பால் இருக்கும்போதே கடையைச் சாத்திவிட்டார்.

கடைசியில் சட்டமும் வந்தது. அதை விளக்கிச் சொல்ல ஒரு சுகாதார அதிகாரி நடந்தே ஏறினார். நான் அவர் பையைச் சுமந்தேன், மந்திரி முன்னால் போனார். பனி இறங்கியதும் பிரசங்கம் தொடங்கியது. அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டுச் சேற்றில் விறைத்து நின்றார்.

"யாருய்யா பேசுறது?"

"நாந்தாங்க," என்றார் மந்திரி, அதே குரலில்.

"நிறுத்துய்யா. அவர் போய்ச் சேர்ந்துட்டாரு."

"பேச்சு இன்னும் முடியலைங்க. ஒரு தட்டு தட்டுங்க, போயிருவோம்."

அதிகாரி தட்டினார். சத்தம் சரியாக வரவில்லை. இன்னொரு தடவை தட்டச் சொன்னார் மந்திரி.

ஊர் கூடியது. மோட்டார் போகும் இடம் வரை வியாழக்கிழமைதோறும் வேன் வரும், நர்ஸ் வருவார், மத்தியானம் திரும்பிவிடும், அதற்கு மேல் சட்டத்தில் இடமில்லை என்றார் அதிகாரி.

"தலைவரு வாசலுக்குன்னாருங்களே," என்றார் மந்திரி.

"சொன்னாரு. மேடைக்குக் கீழ நானும்தான் நின்னேன்."

"அப்ப வாசல் எங்கிட்டுங்க போச்சு?"

"சட்டம் எழுதுறப்ப வாசலை எடுத்துட்டாங்க. மலைக்குச் செலவு ஜாஸ்தியாம்."

மந்திரி தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். அவருடைய ஒரே மகள் பாக்கியம் மாசமாக இருந்தாள்.

வேன் வரும் ஒரு வியாழக்கிழமை காலையில் அவளுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வெரசா தூக்குங்க என்றாள் மருத்துவச்சி. வெள்ளனே இறங்கிய பனி விலகவே இல்லை. மந்திரி முன்னால் போனார், பிரசங்கம் போனது, நாங்கள் பின்னால் போனோம். மத்தியானத்துக்குள் வேனைப் பிடிக்காவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

பாதி வழியில் பாக்கியத்தின் முனகல் நின்றது. குரல் தடுமாறவில்லை, போய்க்கொண்டே இருந்தது. கைதட்டல் இடத்தில் நின்றது. முன்கொம்பைத் தூக்கிய காளி ஒரு கையால் தொடையில் அடித்தான். குரல் மறுபடி நகர்ந்தது.

"மந்திரி நல்லாத்தான் போறாரு," என்றான் காளி.

"ஏலே," என்றான் எனக்கு இணையாகப் பின்னால் தூக்கிய முத்து, மூச்சை அடக்கிக்கொண்டு. "அவரு இங்கிட்டுல்ல வாராரு."

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மந்திரி டோலியை ஒட்டி, மகள் கையைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். முன்னால், பனிக்குள், "தாய்மார்களே, பள்ளம்" என்று கேட்டது. பள்ளம் இருந்தது. தாண்டினோம்.

யாரும் நிற்கவில்லை. நின்றால் வேன் போய்விடும். ரோட்டில் கால் வைத்ததும் குரல் அடங்கியது. டிரைவர் வேனைக் கிளப்பிக்கொண்டிருந்தார். நர்ஸம்மா கம்பளியோடு பாக்கியத்தை உள்ளே ஏற்றினார். ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது, தாயும் பிழைத்தாள்.

"சட்டம் ரோடு வரைக்கும்தான். மிச்சத்துக்குச் செத்தவரு வர வேண்டியிருக்கு," என்றான் காளி.

பிறகு எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். முன்னால் போனது யார் என்று நான் யோசிப்பதில்லை. என் காதில் நிற்பது வேறு. அன்று டோலிக்குப் பக்கத்தில் ஒரு குரல், மெலிசாக, திக்கித் திக்கி, "பயப்படாதத்தா, அப்பா இருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தது. அது மந்திரியின் சொந்தக் குரல் என்று புரியவே எனக்குக் கொஞ்ச தூரம் ஆனது. முத்து தோள் மாற்றிக்கொள்ளக் கூப்பிட்டான். வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அந்தக் குரல் வந்த பக்கமாகவே நடந்தேன்.