ஆட்சேபனை இல்லாத கண்மாய்

பசுமலைக்கு மேற்கே புதிதாக முளைத்த ஒரு நகரில் அருண்பாண்டி என்றொரு தளபதி இருந்தான். கொசுவைக்கூட ஓங்கி அடித்து அறியாதவன். படையெல்லாம் அட்டைக் காய்கள்தான். வாரமெல்லாம் கம்பெனியில் கைகட்டி வேலை. ஞாயிறானால் சாப்பாட்டு மேசையில் ராச்சியங்களைக் கவிழ்ப்பான். படித்த பிள்ளைகளிடையே இப்போது இதுதான் மோஸ்தர்.

நவாப்பின் குதிரைப்படை அந்தப் பக்கத்துக் கண்மாய்ச் சேற்றில் சிக்கித் தோற்ற சண்டையை அவன் பலகை விளையாட்டாக வடிவமைத்துக்கொண்டிருந்தான். கரை, மடை, ஓடை எல்லாம் அன்றிருந்தபடியே வரும் என்று கூட்டாளி தவ்பீக்கிடம் பெருமையடித்தாயிற்று. சென்னைக் கண்காட்சியில் இடமும் பிடித்தாயிற்று. கண்மாய் எங்கே இருந்தது என்பதுதான் தெரியவில்லை. வெள்ளைக்காரன் காலத்து வரைபடங்கள் இணையத்தில் கொட்டிக் கிடந்தன; இந்த ஒரு தாளை மட்டும் காணோம்.

ஆகவே நில அளவை அலுவலகம் போனான். பிரிவு அலுவலர் முத்துக்கருப்பன் மனுவை நிதானமாகப் படித்தார்.

"போருக்கு வரைபடம்னு எழுதியிருக்கீங்க. எந்தப் போர் தம்பி?"

"பழசு சார். முடிஞ்சு எரநூறு வருசத்துக்கு மேல ஆச்சு."

"முடிஞ்சதுக்கு உத்தரவு நகல் இருக்கா?"

இல்லை. அப்படியானால் போர் நிலுவையில் இருப்பதாகவே கருதப்படும் என்றும், நிலுவைத் தகராறில் ஒரு தரப்புக்கு மட்டும் வரைபடம் வழங்குவது நடுநிலைக்குப் பங்கம் என்றும் அவர் விளக்கினார். இரு தரப்பிலும் ஆட்சேபனை இல்லை என்று கடிதம் வேண்டும்.

அருண்பாண்டிக்குக் கோபம் வரவில்லை. அவன் எழுதிய ஆட்ட விதிகளும் இதே தினுசுதான். மறுநாள் தவ்பீக்கை நவாப் தரப்பாக அழைத்துப்போய்க் கையெழுத்துப் போட வைத்தான்.

முத்துக்கருப்பன் முகம் சுருங்கியது. "ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்க. அப்புறம் எதுக்குப் போர் வரைபடம்?"

"ராசியானா எல்லை பிரிக்கணும்ல சார்?" என்றான் தவ்பீக்.

அது விதிக்கு உட்பட்டு இருந்தது. பீரோ திறந்தது. நவாப் தரப்பு, வண்டியை நிழலுக்கு மாற்றப் போனது.

மற்ற இருவரும் தாளை விரித்து, கைப்பேசி வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கண்மாய் நீலமாகப் பரந்து கிடந்தது. மடை இருந்த இடத்தில் இந்த அலுவலகம். நட்ட நடுவே, நல்ல ஆழத்தில், அருண்பாண்டியின் வீடு. ஐப்பசி பிறந்தால் அடுப்படிவரை தண்ணி வருவதும், குடும்பமே சேர்ந்து சர்க்காரைத் திட்டுவதும் அவன் நினைவுக்கு வந்தன.

முத்துக்கருப்பன் குரலைத் தாழ்த்தினார். "வெளையாட்டுதான தம்பி. தண்ணி இம்புட்டு வேணுமா?"

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். தவ்பீக்கின் குதிரைகள் தடையின்றிப் பாய்ந்து, தோற்க வேண்டிய சண்டையை ஜெயித்துவிட்டன.

"ஏன் மாப்ள, இங்கன கண்மாய் இருந்துச்சுன்னியே?"

"வத்திருச்சு."

"எப்ப?"

"எங்கப்பா வீட்டுக்குப் பத்திரம் முடிச்ச அன்னைக்கு."

தவ்பீக் சிரிக்கப் போனான். அதற்குள் அவன் விரல் வரைபடத்தில் கிழக்கே நகர்ந்து, ஒரு சின்ன நீலத்தின்மேல் நின்றது.

"இந்த ஊருணியையும் எடுத்துரு மாப்ள. எங்கத்தாவும் அதுக்குள்ளதான் வீடு கட்டிருக்காரு."

இரு தரப்பிலும் ஆட்சேபனை இல்லை. வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அருண்பாண்டி அட்டைப் படைகளை அள்ளிப் பரண்மேல் வைத்துவிட்டு, வழக்கம்போல் சர்க்காரைத் திட்ட உட்கார்ந்தான்.