எண்ணெய் மில் குணசீலன் மருமகளை அழைத்துவர வேண்டுதல்

பெருமதிப்பிற்குரிய டி.வி. தொடர் இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

நெல்லிவாசல்நாட்டு மலைக் கிராமம் ஒன்றின் ஊர்க்கவுண்டர் சின்னதம்பி கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் ஆடுமாடுகளும் நலம். தாங்களும், தங்களிடம் நடிப்பவர்களும், முக்கியமாக எண்ணெய் மில் முதலாளி குணசீலன் ஐயாவும் நல்ல சுகத்தோடு இருக்க எங்கள் மலைச்சாமியை வேண்டிக்கொள்கிறேன். என் மனைவி அம்சவல்லியின் நலம் எனக்குத் தெரியாது. அது பற்றித்தான் இந்தக் கடிதம்.

தங்கள் தொடரை எங்கள் ஊரில் பாதிப் பேர் என் வீட்டில் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள். மில்லில் கடலை எண்ணெயோடு பாமாயில் கலக்கிறார்கள் என்று மூத்த மருமகள் கலைவாணி வேலையாட்கள் எதிரிலேயே சொன்னதும், குணசீலன் ஐயா வாசலைக் காட்டி வெளியே போ என்றாரே, அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. அந்தப் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போய் அழைத்துவாருங்கள் என்று மகன் கெஞ்சுகிறான், சம்பந்தி கெஞ்சுகிறார், கணக்குப்பிள்ளைகூடக் கெஞ்சுகிறார். இவர் மீசையைத் தடவிக்கொண்டு அப்பா போட்டோவைப் பார்க்கிறார், தாங்களும் அந்த மீசையை மூன்று பக்கமிருந்து காட்டிவிட்டுத் தொடரும் என்று போட்டுவிடுகிறீர்கள். நான் ஊர்க்கவுண்டர் ஆயிற்றே, நாலு பேர் கூடிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "பெரிய மனுசன் படியேறிப் போயி கூப்புடறதா? போனவ தானா வரட்டும்" என்றேன். அம்சவல்லி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "நான் போனாலும் இதானா?" என்று கேட்டாள். அத்தனை பேர் எதிரில் நான் வேறு என்ன சொல்வது? "யாரு போனாலும் அதான்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் ஆடுகளை அவிழ்த்துவிட்டு, ஒரு பையோடு ஷேர் ஜீப் ஏறி, காவலூரில் இருக்கும் அவள் அண்ணன் ராஜேந்திரன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எங்கள் ஊர் வழக்கத்தைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். கோபித்துக்கொண்டு தாய்வீடு போன பெண்ணை அழைத்துவருவது இங்கே ஊர்க்கவுண்டர் வேலை. புருஷன் போனால் சண்டை வளரும் என்று, கவுண்டர்தான் வெற்றிலை பாக்கோடு போய் நல்ல வார்த்தை பேசிக் கூட்டிவருவார். அப்படி நான் கூட்டிவந்த பெண்கள் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். ஆனால் கவுண்டரின் மனைவியே போய்விட்டால் யார் போவது என்று முன்னோர்கள் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. நானே போகலாம் என்றால், ஊர் கேட்க நான் விட்ட வார்த்தை குறுக்கே நிற்கிறது.

அவள் போனதிலிருந்து வீடு வீடாக இல்லை. களி கிண்டினேன், அடிப்பிடித்தது, பானையை ஊறவைத்தேன், அது இன்னும் ஊறிக்கொண்டே இருக்கிறது. உப்பு எந்தச் சட்டியில் என்று தெரியாமல் சோடா உப்பைப் போட்டு ஒரு குழம்பு வைத்தேன், அது பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. ஆடுகள் என் குரலுக்குப் பட்டிக்குள் வருவதில்லை. புளி உடைக்க ஆள் கூப்பிட்டால், அம்சவல்லி அக்கா வந்த பிறகு பார்க்கலாம் என்கிறார்கள் ஊர்ப் பெண்கள், கோபமாகச் சொன்னாலாவது பதில் பேசலாம், சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். இதற்கிடையில் எங்கள் ஊர் அசோக்குமார் வந்தான். அவன் மனைவி காவியா கோபித்துக்கொண்டு போளூரில் தாய்வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், வந்து பேசுங்கள் என்று என்னை அழைக்க வந்தவன், நான் அடுப்படியில் புகைக்கு நடுவே நிற்பதைப் பார்த்தான். "மொதல்ல உங்க வூட்டுப் பஞ்சாயத்த முடிங்க மாமா, நான் வேற யாரையாச்சும் கூட்டுக்கறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். கவுண்டர் பட்டம் போனால்கூடப் போகட்டும் ஐயா. சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து என்னைக் குறை சொல்ல ஆள் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி, குணசீலன் ஐயாவை இந்த வாரத்துக்குள் காரில் ஏற்றிச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். அவர் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், படியில் கால் வைத்தால் போதும். அவ்வளவு பெரிய முதலாளியே போய்விட்டார் என்று ஊரில் சொல்லிவிட்டு, அவர் பின்னாலேயே நானும் காவலூர் போய்விடுவேன். பாமாயில் விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தங்கள் தொடர் பல ஆண்டுகள் ஓடவும், தங்கள் வீட்டில் யாரும் பை எடுத்துக்கொண்டு கிளம்பாமல் இருக்கவும் மனமார வாழ்த்தும்,

சின்னதம்பி,
ஊர்க்கவுண்டர் (இன்றுவரை)

பின்குறிப்பு: எங்கள் ஊருக்குத் தபால்காரர் வருவது அபூர்வம் என்பதால், இதைப் பெட்டியில் போட நானே காவலூர் வந்தேன். தபால் ஆபீசுக்கு மச்சான் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் அம்சவல்லி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. "அந்த எண்ணெக்காரன் இன்னும் போவல. நீ வந்துட்ட" என்றாள். கண்ணில் தண்ணீர். தபால் போட வந்தேன் என்று நான் சொல்லவில்லை. அவள் பையை எடுக்க உள்ளே போயிருக்கிற நேரத்தில் இதை அவசரமாக எழுதுகிறேன், மத்தியான ஜீப்பில் இரண்டு பேரும் ஊருக்குப் போகிறோம். மேலே கேட்டதை எல்லாம் மறந்துவிடவும். குணசீலன் ஐயா எந்தக் காரணம் கொண்டும் அந்தப் படியில் கால் வைக்கக் கூடாது. அவரைவிட நான் ஒரு படி நல்ல ஆம்பிளை என்று என் வீட்டில் ஒருத்தி நம்பிக்கொண்டிருக்கிறாள், தாங்கள் அதைக் கெடுத்துவிட வேண்டாம்.