மோகனப்பிரியாவின் ஃபைலைத் திறந்தது யார்?

"எம் மகளோட ஃபைலை எவன் தொறந்து பாத்தான்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணுமுங்க!"

ஆறுச்சாமி மேஜையை அறைந்த வேகத்தில் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பேனா உருண்டு விழுந்தது.

கோபம் வராமல் என்ன செய்யும்? மோகனப்பிரியாவின் நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம்கூடப் பேசியாயிற்று. காலையில் உடுமலைப்பேட்டையிலிருந்து சம்பந்தி போன் செய்தார். "பொண்ணுக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்துச்சாமுங்களே? நாங்க யோசிச்சுச் சொல்றமுங்க" என்று வைத்துவிட்டார். என்றைக்கோ குணமான வியாதி. வீட்டு மனிதர்களுக்கும் இந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கும் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. மகள் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

வரவேற்பிலிருந்த ரித்திகா, "என்ன வியாதிங்க சார்? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றாள்.

"வலிப்பும்மா, வலிப்பு!"

டோக்கனோடு காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் உச்சுக் கொட்டினாள். ஆறுச்சாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"மேனேஜரைக் கூப்புடுங்க!" என்று போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மைக் முழங்கியது.

"வலிப்பு மோகனப்பிரியாவோட அப்பா, மேனேஜர் ரூமுக்கு வாங்க."

மானம் கப்பலேறிற்று.

மேனேஜர் அழகிரிசாமி நல்லவர்தான், பாவி மனிதர். "நோயாளி ரகசியம் எங்களுக்கு உசுருங்க! லேசுல உடமாட்டனுங்க" என்று பொங்கினார். பொங்கின கையோடு பெண்ணின் பெயர், ஊர், வியாதி எல்லாவற்றையும் டைப் செய்து, 'இதைப் பார்த்தது யார்?' என்று ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்.

உடனே அந்தியூரிலிருந்து ஆறுச்சாமியின் தங்கை கூப்பிட்டாள். "ஏனுங்கண்ணா, நம்ம பாப்பாவுக்கு வலிப்பாமா? அங்க வேலை பாக்கற நர்சு இப்பத்தான் சொன்னா."

"யோவ்!" ஆறுச்சாமி எழுந்தே விட்டார். "எவன் தொறந்தான்னு கம்ப்யூட்டர்லயே பதிஞ்சிருக்குமில்ல? அதைப் பாருய்யா!"

பார்த்தார்கள். லேப் டெக்னீஷியன் சபரீஷ். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டுக்கும் தூரத்துச் சொந்தக்காரப் பையன்.

"வாங்க மாமா, அத்தை சௌக்கியமுங்களா?" என்று சிரித்துக்கொண்டே வந்தான்.

"ஏண்டா, ஒரு பொட்டப்புள்ள வாழ்க்கைடா! மாப்பிள்ளை வீட்டுல கேட்டா உடனே எடுத்துக் குடுத்துருவியா? உனக்கு மனசாட்சி இல்லியா? போலீசுல குடுக்காம உடமாட்டேன்!"

சபரீஷுக்கு நிஜமாகவே ஒன்றும் விளங்கவில்லை.

"என்னங்க மாமா இப்படிச் சொல்றீங்க? போன மாசம் நீங்க கேட்டதும் மாப்பிள்ளையோட ரிப்போர்ட் அத்தனையும் எடுத்துக் குடுத்தனே, அவிக கேக்கறப்ப மட்டும் முடியாதுன்னா நல்லாவாங்க இருக்கும்?"